வேலையை விட்டுப் பாய்மரப் படகில் நெடும்பயணம்: எங்கிருந்து தொடங்குவது, எதை முதலில் முடிப்பது

ராஜினாமாக் கடிதத்தின் தேதியை அலுவலகக் காலண்டரைப் பார்த்துக் குறிக்காதீர்கள். எந்தக் கடலை எந்த மாதம் கடக்கலாம் என்று முதலில் பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வந்தால் வேலையை விட வேண்டிய நாள் கிடைத்துவிடும்.

அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கானரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் போகும் படகுகள் நவம்பர் கடைசிக்கும் ஜனவரிக்கும் இடையில் கிளம்புவது அதனால்தான். வடகிழக்கு வியாபாரக் காற்றும் அந்தச் சமயத்தில்தான் நிலைகொள்ளும். தூரம் சுமார் 2,700 கடல் மைல், சராசரி 5.5 நாட் (மணிக்கு 5.5 கடல் மைல்) வேகத்தில் ஏறக்குறைய 20 நாள். தென் பசிபிக்கில் புயல் காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பனாமாவிலிருந்து பிரெஞ்சு பாலினேசியாவின் மார்க்கேசஸ் தீவுகளுக்கு 4,000 கடல் மைல் கடப்பவர்கள் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் புறப்படுகிறார்கள். இந்தியப் பெருங்கடலின் வடபகுதியை மேற்கு நோக்கிக் கடக்க ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் மிதமான வடகிழக்குப் பருவக்காற்றுதான் நல்ல வாய்ப்பு.

ஒரு கணக்கு: நவம்பர் கடைசியில் கானரியை விட்டுக் கிளம்ப வேண்டும். அக்டோபர் நடுவிலேயே அங்கே சேர்ந்து பழுதுகளைப் பார்க்க வேண்டும். வட ஐரோப்பாவிலிருந்து வருபவர் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் அருகிலுள்ள பிஸ்கே விரிகுடாவை ஆகஸ்டுக்குள் தாண்டிவிட வேண்டும். அதன் பிறகு இலையுதிர்காலப் புயல்கள் வரிசை கட்டும். (ஸ்பெயின், போர்ச்சுகல் அடங்கிய ஐபீரியக் கரையில் 2020 முதல் ஓர்க்காத் திமிங்கிலங்கள் படகுகளின் சுக்கானைக் கடித்து உடைத்துவருகின்றன. அந்தப் பகுதியில் 20 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் கரையொட்டிப் போகச் சொல்கிறார்கள்.) ஜூன், ஜூலையில் படகிலேயே குடியிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக, வேலையின் கடைசி நாள் ஏப்ரலில் வர வேண்டும். இதைக் கவனிக்காமல் அக்டோபரில் வேலையை விட்டவர் அந்தப் பருவத்தைத் தவறவிட்டு, அடுத்த ஓராண்டைச் சம்பளம் இல்லாமல் படகுப் பட்டறையில் கழிப்பார். நெடும்பயணக் கனவுகளில் பல இப்படித்தான் கரையிலேயே முடிந்துபோகின்றன.

பணம்

இருப்பை மூன்றாகப் பிரியுங்கள்: படகு, பயணச் செலவு, திரும்பி வந்து மறுபடி வேலை கிடைக்கும்வரை தாங்கும் தொகை. மூன்றாவது 6 மாத வீட்டுச் செலவுக்குக் குறையக் கூடாது. அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடாதீர்கள். படகுக்கு ஒதுக்கியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விலையாகக் கொடுக்க வேண்டாம். மீதி, முதல் ஆண்டிலேயே பாய், பேட்டரி, கம்பி, பம்பு என்று கரைந்துவிடும். பராமரிப்புக்கு ஆண்டுக்குப் படகு மதிப்பில் 10 சதவீதம் என்பது படகுக்காரர்கள் பொதுவாக வைக்கும் கணக்கு. அடிமாட்டு விலைக்கு வாங்கிய பழைய படகுக்கு இது போதாது. படகின் விலை பாதியாகக் குறைந்தது என்பதற்காக அதற்கு வாங்கும் புதுப் பம்பின் விலை குறையப் போவதில்லை.

மாதச் செலவை ஏற்றி இறக்குவது, மரினாவில் (கட்டணம் வாங்கும் படகுத்துறையில்) எத்தனை இரவு, நங்கூரத்தில் எத்தனை இரவு என்பதுதான். சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பதெல்லாம் இதற்குமுன் சில்லறை. நங்கூரத்தில் நிம்மதியாகத் தூங்கத் தெரிந்தவரின் பணம் இரண்டு மடங்கு காலத்துக்கு வரும்.

படகு

இருவருக்கு 34 முதல் 42 அடி போதும். வடிவம் மாறாமல் நீளம் கால் பங்கு கூடினால் எடை ஏறத்தாழ இரு மடங்காகும். பாய், வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை), நங்கூரம், கயிறு எல்லாம் அந்த எடைக்கேற்பப் பெரிதாகும். படகுக் கண்காட்சியில் மயக்கும் அகலமான கட்டில் கடலில் உருட்டிவிடும். நடுப்பகுதியில், உடம்பை இறுக்கிப் பிடிக்கும் குறுகலான படுக்கை இருக்கிறதா என்று பாருங்கள், விழாமல் தடுக்கும் துணியோடு.

வாங்குமுன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத சர்வேயரை வைத்துப் பார்க்க வேண்டும். நீங்களும் கூடவே இருங்கள். படகின் மேல்தளமான டெக்கை சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே நீர் ஊறி மரம் மக்கிய இடம் மொத்தென்று கேட்கும். கைப்பிடி, கம்பி எல்லாம் டெக்கில் திருகப்பட்டிருக்கும் இடங்களைச் சுற்றித்தான் இது அதிகம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் கீழ்முனையை விரலால் அல்லாமல் பஞ்சால் தடவுங்கள். அறுந்த இழை இருந்தால் பஞ்சு சிக்கும். மழைநீர் தேங்குவது கீழ்முனையில் என்பதால் முதலில் விடுவதும் அங்கேதான். கம்பிகளுக்கு வயது 10 முதல் 15 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வால்வுகளைக் கத்திமுனையால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் மினுக்கினால் சரி. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையிலிருந்த துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு நுரைபோல நிற்கிறது. ஓங்கி ஒரு உதை விட்டால் கையோடு வந்துவிடும், பின்னாலேயே கடலும் வரும். வெண்கல வால்வுகளாக மாற்றுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த அளவுக்கான மரக்கட்டை ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

எஞ்சினைப் பார்க்கப் போகும் நாளில் அதை முன்கூட்டி ஓட்டிவைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வெறும் கையால் தொட்டு, குளிர்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் வந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டைக் காலி செய்யுமுன்

படகை வாங்கியபின், வேலையில் இருக்கும்போதே ஒரு நீண்ட விடுப்பில் தொடர்ந்து 4 முதல் 6 வாரம் படகில் வாழ்ந்து பாருங்கள். அதில் இரண்டு காரியம் கட்டாயம்: இரவும் பகலுமாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒரே ஓட்டம், காற்றடிக்கும் இரவு ஒன்று நங்கூரத்தில். வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பதை இதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு ஆண்டுக்கு வாடகைக்கு விடுவதே மேல் என்பது எங்கள் கருத்து.

தம்பதியாகப் போனால் இருவருமே தனியாகப் படகைக் கரை சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்: பாயைச் சுருக்குவது, எஞ்சினைக் கிளப்புவது, வானொலியில் பேசுவது, நங்கூரம் போடுவது. ஒருவர் மாலுமி, மற்றவர் சமையல் என்று பிரித்துக்கொண்ட படகில் மாலுமிக்குக் காய்ச்சல் வந்தால் கதை முடிந்தது. விஎச்எஃப் (குறுந்தொலைவுக் கடல் வானொலி) இயக்குநர் சான்றிதழும், பிரிட்டனின் படகோட்டிச் சங்கமான ஆர்ஒய்ஏ தரும் டே ஸ்கிப்பர் அல்லது யாட்மாஸ்டர் போன்ற தகுதியும் எடுத்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் கடல் கடக்கும் பாலிசிக்கு அனுபவத்தைக் கேட்கும். சில நிறுவனங்கள் மூன்றாவது ஆள் வேண்டும் என்றும் கேட்கும்.

பாய் பற்றிச் சுருக்கமாக. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்கு. ஆகவே பெரிய பாயில் மூன்று படிச் சுருக்கு இருக்க வேண்டும், அதைக் காற்று ஏறும் முன்பே போட வேண்டும். வானிலைக் கோப்புகளில் வரும் எண் சராசரிக் காற்று. திடீர் வீச்சு அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பின்காற்றில் ஓடும்போது பூம் (பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கட்டை) சட்டென்று மறுபக்கம் அடித்தால் தலையும் போகும், பாய்மரமும் போகும். தடுப்புக் கயிற்றைப் பூமின் நுனியில் கட்டி, படகின் முன்முனை வரை கொண்டுபோய், அங்கிருந்து சுக்கான் பிடிக்கும் இடத்துக்குத் திருப்புங்கள். நடுவில் கட்டினால் பூம் அந்த இடத்திலேயே மடங்கும்.

நங்கூரம்

12 மீட்டர் படகுக்கு 20 முதல் 25 கிலோ எடையுள்ள ரொக்னா, ஸ்பேட், மான்டஸ் போன்ற புதுத் தலைமுறை நங்கூரம் வேண்டும். சங்கிலி 10 மில்லிமீட்டர், குறைந்தது 60 மீட்டர். மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ என்பதால் மொத்தம் 140 கிலோவை நெருங்கும்; இதை இழுக்கும் மின்சார வின்ச் ஆடம்பரமில்லை. ஏழாவது முறை நங்கூரம் இடம் மாறினால் எட்டாவது முறையும் சலிக்காமல் தூக்கிப் போடுவதற்குத்தான் அது.

எவ்வளவு சங்கிலி விடுவது என்பதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். ஆழமானி காட்டுவது 5 மீட்டர். ஓதம் (கடல்மட்டம்) ஏறும்போது இன்னும் 2 மீட்டர் ஏறும். படகின் முன்முனை நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம். கூட்டினால் 8. அதை 5 ஆல் பெருக்கி 40 மீட்டர் விடுங்கள். வெறும் 5 மீட்டரை வைத்து 25 விட்டவர் ஏற்றத்தின்போது 3 மடங்கில் நிற்பார், அதுவும் நள்ளிரவில். பலத்த காற்று வருவதாக இருந்தால் 7 மடங்கு. சங்கிலியில் 10 மீட்டருக்கு ஒரு நிறம் அடித்துவையுங்கள்.

போடும் முறை: படகு முழுக்க நின்றபின் நங்கூரத்தைத் தரை தொடும்வரை இறக்குங்கள். படகு பின்னால் நகர நகரச் சங்கிலியை விடுங்கள். ஒரே குவியலாகக் கொட்டினால் அது நங்கூரத்தின்மேலேயே சுற்றிக்கொள்ளும். முழு நீளமும் விட்டபின் ஒரு நிமிடம் பொறுத்து, எஞ்சினைப் பின்னோக்கி மெல்லக் கூட்டி நிமிடத்துக்கு 2,000 சுற்று வரை கொண்டுபோய் அரை நிமிடம் பிடியுங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். அவை ஒன்றையொன்று விட்டு விலகினால் படகு நகர்கிறது. முன்முனைக்கு வெளியே தொங்கும் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்தும் பார்க்கலாம், விரல் கண்ணிக்குள் போகாமல். இறுக்கமாக, அசையாமல் இருந்தால் பிடித்துவிட்டது. தடதடவென்று நடுங்கி நின்று மறுபடி நடுங்கினால் நங்கூரம் பாறைமேல் துள்ளுகிறது, அல்லது புல்லை உழுதுகொண்டு போகிறது. தூக்கி வேறு இடத்தில் போடுங்கள்.

பிடித்தபின், 10 மீட்டர் நைலான் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டிப் படகில் கட்டி, சங்கிலியைக் கொஞ்சம் தளர விடுங்கள். பலத்த காற்றில் சங்கிலி நேர்க்கோடாக விறைத்துவிட்டால் அதற்கு நீளும் தன்மை இல்லை. ஒவ்வொரு அலையின் உதையும் நேரே வின்சுக்கும் நங்கூரத்துக்கும் போகும். நைலான் நீண்டு அதை வாங்கிக்கொள்ளும். கயிறு விளிம்பில் உராயும் இடத்துக்கு ஒரு துண்டுக் குழாய் போடுங்கள். பவளம் நிறைந்த இடத்தில் மணல் திட்டைத் தேடிப் போடுங்கள். சங்கிலியின் நடுப்பகுதியில் மிதவைகளைக் கட்டித் தூக்கிவிட்டால் அது பவளத்தைச் சுற்றாது, உடைக்கவும் உடைக்காது.

மின்சாரம்

பேட்டரி வாங்குமுன் ஒரு நாள் செலவை எழுதுங்கள். 12 வோல்ட்டில், கடலில் ஓடும்போது: ஃபிரிட்ஜ் 45 ஆம்பியர்-மணி, ஆட்டோபைலட் (மின்சாரத் தன்னியக்கச் சுக்கான்) 60, வரைபடத் திரை, ஏஐஎஸ் (அருகிலுள்ள கப்பல்களைக் காட்டும் கருவி), ரேடியோ எல்லாம் சேர்த்து 45, விளக்கு 8, போன், மடிக்கணினி 20, நாளுக்குச் சில மணி நேரம் செயற்கைக்கோள் இணையம் 12. மொத்தம் 190. வெப்பமண்டல வெயிலில் 100 வாட் சூரியத் தகடு நாளுக்குச் சுமார் 30 ஆம்பியர்-மணி தரும். ஆக 600 வாட்டுக்கு மேல் வேண்டும்.

இதில் குறைக்கக்கூடிய பெரிய தொகை ஆட்டோபைலட். ஹைட்ரோவேன், மானிட்டர், ஏரீஸ் போன்ற, மின்சாரமில்லாமல் காற்றின் விசையால் இயங்கும் காற்றுச் சுக்கானைப் படகின் பின்னால் பொருத்தினால் அந்த 60 அப்படியே மிச்சம். 200 வாட் தகடு வாங்கியதற்குச் சமம். ஆட்டோபைலட் கெட்டால் மாற்று ஆளாகவும் அது நிற்கும். இருவர் மட்டும் போகும் படகில் இதைக் கடைசியாக வாங்க வேண்டிய பொருளாக வைக்காதீர்கள். தன்னியக்கச் சுக்கான் இல்லாமல் மூன்று வாரம் கையால் பிடிப்பது இரண்டு பேரால் ஆகாது.

பூமின் நிழல் ஒரு கீற்று விழுந்தாலே ஒரு தகட்டின் உற்பத்தி படுத்துவிடும். ஒவ்வொரு தகட்டுக்கும் தனி எம்பிபிடி (தகட்டிலிருந்து உச்சத் திறனை எடுக்கும்) கட்டுப்பாட்டுக் கருவி வைத்தால் மற்றவை பாதிக்காது. ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். அதாவது 300 ஆம்பியர்-மணி லித்தியம், 480 ஆம்பியர்-மணி ஈயத்துக்கு ஈடு. ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிய இடத்தில் லித்தியத்தை அப்படியே மாட்டிவிட்டு எஞ்சினை ஓட்டாதீர்கள். அது எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் மணிக்கணக்கில் ஓடிச் சுருள் கருகும். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால் எழும் மின்னழுத்தத்தில் டயோடுகள் போய்விடும். வெப்ப உணரியோடு கூடிய வெளி ரெகுலேட்டர், அல்லது ஸ்டார்ட்டர் பேட்டரி வழியாக டிசி-டிசி சார்ஜர் என்று ஏதாவது ஒன்றை இடையில் வையுங்கள்.

டீசல், தண்ணீர், எரிவாயு

எஞ்சின் கடலில் நிற்பதற்கு முதல் காரணம் அழுக்கு டீசல். தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்து அதில் கிருமி வளர்ந்து கறுப்புக் கூழாகப் படியும். அமைதியான கடலில் ஒன்றும் தெரியாது. அலையில் தொட்டி கலங்கும்போது, அதாவது எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். தொட்டியை நிறைத்தே வையுங்கள், கிளம்புமுன் திறந்து சுத்தம் செய்யுங்கள், இரண்டு வடிகட்டிகளை வால்வோடு இணையாகப் பொருத்துங்கள்: ஒன்று அடைத்தால் மற்றதுக்குத் திருப்பி ஓட்டத்தைத் தொடரலாம். கையிருப்பில் டீசல் வடிகட்டி 10, கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) 3, பெல்ட் 2, முழுக் கடல்நீர் பம்பு 1, ஸ்டார்ட்டர் மோட்டார் 1, கழிவறைப் பம்பின் வால்வுகள் இரண்டு செட், பாய் ஒட்டும் டேப், அறுந்த கம்பிக்கு மாற்றாக டைனீமா (மிக வலுவான செயற்கை இழை) கயிறு. இம்பெல்லரை மாற்றும்போது உடைந்த இறக்கைகளை எண்ணுங்கள். குறைகிற துண்டு வெப்பமாற்றியின் வாயில் கிடக்கும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், பயண நாளோடு பாதி கூட்டிக் கணக்கிடுங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தாலும் இந்த அளவு தொட்டியில் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு தனித் தொட்டிகளில். அந்த இயந்திரத்தின் சவ்வைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் கழுவினால் அது கெட்டுவிடும்; கரி வடிகட்டி வழியாகத்தான் கழுவ வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் பெட்டியின் வடிகால் வெளியே கடலுக்குப் போக வேண்டும். நாட்டுக்கு நாடு சிலிண்டர் வாய் மாறும் என்பதால் இணைப்பிகளை முன்பே சேகரியுங்கள்.

காகிதம்

மூலப் பதிவுச் சான்று, காப்பீடு, ரேடியோ உரிமம், ஒவ்வொருவரின் பாஸ்போர்ட், ஆட்கள் பட்டியல் 10 பிரதி. ஒரு நாட்டை விட்டு வெளியேறும்போது தரும் அனுமதிச் சீட்டை அடுத்த நாடு கேட்கும், வாங்காமல் கிளம்பாதீர்கள். நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்றி, அனுமதி கிடைக்கும்வரை யாரும் கரை இறங்கக் கூடாது. ஷெங்கன் நாடுகளில் (பொது விசா விதி உள்ள ஐரோப்பிய நாடுகளில்) விசா விதிப்படி வெளியார் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். வெளிநாட்டவரின் படகுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் வரியில்லாத் தற்காலிக அனுமதி 18 மாதம். இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள். நியூசிலாந்துக்கு வந்துசேர 48 மணி நேரத்துக்கு முன்பும், ஆஸ்திரேலியாவுக்கு 12 மணி நேரத்துக்கு முன்பும் தகவல் தர வேண்டும். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் நியூசிலாந்தில் வரவேற்பு கசக்கும். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக மீட்புக்குழுவை அழைக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் ஈபிர்ப் கருவியைப் படகின் பெயரில் பதிவு செய்யுங்கள். பதியாத கருவி கூவினால் மீட்புக்குழு யாரைத் தேடுவது என்று விசாரிப்பதிலேயே நேரம் போகும்.

கரையில் விட்டுப் போகும் கணக்குகளில் எல்லாரையும் தடுக்கி விழவைப்பது வங்கி ஓடிபி. ஊர் சிம் வேலை செய்யாத தீவில் நின்றுகொண்டு பணம் அனுப்ப முடியாமல் தவிப்பதைத் தவிர்க்க, வேலையை விடும் முன்பே செயலி வழி உறுதிப்படுத்தலுக்கு மாற்றுங்கள். எண்ணை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். இரண்டு வேறு வங்கிகளின் அட்டைகளை இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தாருங்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடக்கூடும். பல் வேலைகளையும் முழு உடல் பரிசோதனையையும் அதற்குள் முடித்துவிடுங்கள். ராஜினாமாவுக்கு முன், ஊதியமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

முதல் வாரங்கள்

கிளம்பிய முதல் மாதம் பகல் ஓட்டங்கள் மட்டும், 20 முதல் 30 கடல் மைல். பிறகு ஒரு இரவு, பிறகு மூன்று இரவு. இருவர் இருந்தால் இரவில் 3 மணி நேரத்துக்கு ஒரு காவல் மாற்றம் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். முதல் மூன்று நாள் தூக்கம் வராது, தலை கனக்கும், பிறகு உடம்பு பழகிவிடும். குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு முந்தைய இரவே போடுங்கள், வாந்தி தொடங்கியபின் அது வயிற்றில் தங்காது; எந்த மருந்து என்பதை மருத்துவரிடம் கேட்டு, கரையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் சாப்பாட்டைச் சமைத்தே எடுத்துச் செல்லுங்கள். இரவில் தனியாகக் காவல் இருப்பவர் இடுப்பு வாரைப் படகில் மாட்டாமல் வெளியே வரக் கூடாது. மற்றவரை எழுப்பாமல் முன்பக்கம் போகவும் கூடாது.

பார்க்க வரும் உறவினர்களிடம் இடத்தைச் சொல்லுங்கள், அல்லது தேதியைச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் விமான டிக்கெட்டுக்காக மோசமான வானிலையில் கிளம்ப நேரிடும்.

முதல் இரவு ஓட்டம் முடிந்து நங்கூரம் போட்டதும் தூங்கப் போகுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பில்ஜில் (படகின் உள்ளே, அடிப்பகுதியில்) எவ்வளவு தண்ணீர், அது உப்பா நன்னீரா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் மட்டம், பெல்ட் தூள், டீசல் வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர்த் துளிகள். கயிறுகள் உரசிய இடங்களைக் கையால் தடவி, நார் எழுந்த இடத்தில் ஒரு அடி தள்ளிப் பிடிமானம் மாற்றுங்கள். டெக்கில் கழன்று விழுந்த ஒரு பின்னோ திருகோ கிடந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த ஓட்டம் கிடையாது.